பிள்ளைகளோடு பார்க்கும் காதல் படம்

கிறிஸ்துவுக்குள் பிரியமான பெற்றோரே,

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் ஷிப்டு மாறி மாறி உழைக்கும் உங்களுக்கு, வளர்ந்த பிள்ளைகளோடு உட்காரக் கிடைப்பது வாரத்தில் ஒரு மாலைதான். அன்று அவர்கள் சிரிப்பும் காதலுமான படம் கேட்கிறார்கள். மறுக்க வேண்டாம், தெரிந்தெடுங்கள். சினிமாவும் சர்வேசுரன் தந்த கொடையே என்று 1957-ல் பாப்பரசர் 12-ம் பத்திநாதர் தமது நிருபத்தில் போதித்தார்.

2023-ம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திற்குப் பின் யு.ஏ. சான்றிதழில் 7, 13, 16 என வயது குறிக்கப்படுகிறது. முதலில் அதைப் பாருங்கள். ஆனால் சான்றிதழ் வயதைத்தான் சொல்லும். புத்தி சொல்வது உங்கள் கடமை.

ஸ்ரீதர் இயக்கி 1964-ல் வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’ நல்ல தெரிவு. நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியில் வீடே சிரிக்கும். ஆயினும் அதில் வாலிபன் தன்னைச் செல்வந்தன் மகனென்று பொய் சொல்கிறான். பெண்ணின் தகப்பனும் பணம் என்றதும் இணங்குகிறார். படம் முடிந்ததும், “பொய்யில் தொடங்கிய அன்பு மெய்விவாகத்தைத் தாங்குமோ?” என்று கேளுங்கள்.

“உண்மையைச் சொன்னால் நீங்கள் பொறுமையாய்க் கேட்பீர்களா?” என்று பிள்ளைகள் திருப்பிக் கேட்கக்கூடும். அதற்கு விடை தேடிக்கொண்டபின் படத்தைப் போடுங்கள். வீட்டில் மெய் பேச அஞ்சும் பிள்ளையே வெளியில் பொய்க்கு இரையாகிறது.

ஆண்டவர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.

பங்குக் குருவானவர்