யாருக்காகக் குளிப்பது?

குற்றாலத்துக்கு மூன்று மைல் தொலைவில் வசிப்பவனிடம் குளியலின் பெருமையைப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத்தான். 2020-ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் அந்த வியாபாரத்தையும் செய்து பார்த்தேன்.

தென்காசியில் என் அடுத்த வீட்டுப் பையன் அப்போது பத்தாம் வகுப்பு. மார்ச் 27-இல் தேர்வு தொடங்க வேண்டும். 25-ஆம் தேதியே நாடு முழுவதும் ஊரடங்கு வந்துவிட்டது. தேர்வு ஜூன் 1 என்றார்கள். பிறகு ஜூன் 15 என்றார்கள். ஜூன் 9-ஆம் தேதி தேர்வே இல்லை, எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களுக்கு நூற்றுக்கு 80, வருகைக்கு 20. தெருவே மகிழ்ந்தது. அவன் மகிழவில்லை. இரண்டரை மாதம் நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவனிடம், இறக்கி வைக்க இடமில்லை, கொட்டிவிடு என்றால் எப்படி இருக்கும்?

அதன்பின் பகலில் தூக்கம், இரவில் கைப்பேசி. சோறு அறைக்கே போயிற்று. குளிப்பதையும் விட்டுவிட்டான். அவன் தாய் சுவருக்கு அப்பால் நின்று கண் கலங்கியதால் நான் கேட்டேன்.

"எதுக்கு மாமா குளிக்கணும்? யாரு பாக்கப் போறா?"

சிறுபிள்ளைப் பேச்சு என்று இதை ஒதுக்க என்னால் முடியவில்லை. பார்ப்பவர் இல்லாதபோது உடம்பையும் உள்ளத்தையும் பேணுவது யாருக்காக? (நானும் மூன்று வாரமாக முகச்சவரம் செய்திருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) பேரருவியிலும் ஐந்தருவியிலும் அந்தச் சாரல் முழுவதும் குளிக்கத் தடை. பார்க்க ஆளில்லாவிட்டாலும் அருவி விழுகிறதே என்றேன்.

"அருவிக்குப் பரீட்சை கிடையாதே, மாமா" என்றான்.

கடைசியில், "உனக்காகக் குளியேன்" என்றேன். நல்ல வாக்கியம், ஆனால் பயன்படவில்லை. தன்மீதே கசப்புக் கொண்டவனிடம் 'உனக்காக' என்பது, பிடிக்காத விருந்தாளிக்கு இலை போடச் சொல்வது மாதிரி.

தனித்திருத்தல் வேறு, தனிமைப்படுத்தல் வேறு. முன்னது நாமே செய்வது. பின்னது நமக்குச் செய்யப்படுவது. 1954-இல் மறைந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் தம் கடைசிக் காலத்தைக் குற்றாலத்தில் கழித்தார். குற்றால முனிவர் என்றே பெயர். ஆனால் அந்த முனிவரின் வீட்டில் விருந்தாளிகளுக்குக் குறைவில்லை. நண்பர்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பிறகு நூலாகவும் வந்தன. தாமே விரும்பி ஒதுங்கிய மனிதருக்கே பேச்சுத் துணை வேண்டியிருந்தது. அடைக்கப்பட்ட பதினைந்து வயதுப் பையனிடம் நான் தன்னந்தனி மனவலிமையை எதிர்பார்த்தேன்!

அவனை எழுப்பியது என் உபதேசம் அல்ல. அவனுடைய ஆச்சியின் முழங்கால். 65 வயதைத் தாண்டியவர்கள் வீட்டைவிட்டு வர வேண்டாம் என்று சொல்லியிருந்த காலம். நடக்காமல் ஆச்சியின் கால் மரத்துப்போயிற்று. விடியற்காலையில் தட்டட்டியில் நடக்கலாம். படியேறக் கைப்பிடி வேண்டுமே! "நீ குளிச்சிட்டு வந்தாத்தான் ஒன் கையப் பிடிப்பேன்" என்று ஒருநாள் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டாள். முணுமுணுத்துக்கொண்டே போய்க் குளித்தான். மறுநாளும் அப்படியே.

காலை வெளிச்சம் உடம்பின் கடிகாரத்தைத் திருத்தும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். திருத்தியிருக்கலாம், பத்து நாளில் அவனுக்கு இரவுத் தூக்கம் வந்தது. எதிர்த் தட்டட்டியில் ஒரு வகுப்புத் தோழன் முளைத்தான். தெருவின் குறுக்கே இருவரும் கத்திப் பேசிய சத்தத்தில் என் தூக்கம்தான் கெட்டது. ஆச்சிக்கு நிஜமாகவே கைப்பிடி வேண்டியிருந்ததா, அல்லது கிழவி எங்களையெல்லாம் ஏமாற்றினாளா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். ஒருமுறை அவள் தனியாகப் படியிறங்கியதைப் பார்த்தேன், அவனிடம் சொல்லவில்லை.

அந்த ஆண்டு டிசம்பரில் அருவிகளில் குளிக்க அனுமதி வந்தது. ஐந்தருவிக்குப் போய்விட்டு ஈரத் தலையோடு வந்து நின்றான்.

"ஒரே கூட்டம், மாமா. இடிச்சுத் தள்ளிட்டாங்க" என்று அரைமணி நேரம் குறை சொன்னான். நடுவில் நான் குறுக்கிடவே இல்லை.