எந்த ஐக்கியத்தைக் குலைத்தோம்?

சபைக்குள் இருக்கிற சாதியைப் பற்றிப் பேச வாயைத் திறந்தால் உடனே ஒரு பதில் வரும்: "திருச்சபையோட ஐக்கியத்தைக் குலைக்காதீங்க." பங்குச் சாமியார் சொல்வார், சி.எஸ்.ஐ. ஐயர் சொல்வார், ஊர்த்தெருப் பெரியவர் சொல்வார். சில சமயம் நம்ம ஆளே சொல்வார். கல்லறைக்குப் பொதுப்பாதை கேட்டால் ஐக்கியம் கெடுகிறது. தேர் நம்ம தெருவுக்கும் வரணும் என்றால் ஐக்கியம் கெடுகிறது. சுவர் கட்டினவனிடம் போய் இந்தப் புத்தியை யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. ஆகவே இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் கொய்னோனியா என்று ஒரு சொல். பங்குபோட்டுக் கொள்வது, கூட்டாக வைத்துக் கொள்வது என்று பொருள். பழைய தமிழ் பைபிள் இதை யோவானின் நிருபத்தில் ஐக்கியம் என்கிறது. அப்போஸ்தலர் நடபடிகளில் அந்நியோந்நியம் என்கிறது. எருசலேமில் கஷ்டப்பட்ட ஏழைகளுக்காக மக்கெதோனியாக்காரர்கள் பணம் சேர்த்தார்களே, அதற்கும் பவுல் எழுதின சொல் இதுதான். தமிழில் அது வெறும் பொருள் சகாயம் ஆகிவிட்டது. மொழிபெயர்த்தவர்களைக் குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் காசையும் கஞ்சியையும் பங்குபோடுகிற ஒரு சொல், நம்ம ஊர்க் கோயில்களில் சத்தம்போடாமல் இருக்கிற இடத்திலேயே இருந்துகொள்வது என்று ஆகிப்போனது எப்படி?

"மொதல்ல ஆண்டவரோட சரியாவு, மனுசங்களோட தன்னால சரியாயிடும்" என்பது நாம் சின்ன வயதிலிருந்து கேட்ட பிரசங்கம். மேலே போகிற கோடு முதலில், பக்கவாட்டுக் கோடு பிறகு. சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706. கத்தோலிக்கக் கணக்கு அதற்கும் முந்தியது. முந்நூறு வருசம் ஆயிற்று, தன்னால சரியாகவில்லை. யோவானின் நிருபம் அப்படி வரிசை போடவும் இல்லை. எங்களோடு உறவு, பிதாவோடு உறவு என்று இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்கிறது. கண்ணுக்கு முன்னால் நிற்கிற ஆளைப் பகைத்துக்கொண்டு கடவுள்மேல் அன்பு என்று பேசுகிறவனுக்கு அது கொடுக்கிற பெயர் பொய்யன்.

கொரிந்து சபையில் நடந்ததைப் பாருங்கள். கர்த்தருடைய பந்திக்குக் கூடுகிறார்கள். வசதியுள்ளவன் தன் சாப்பாட்டை முந்திக்கொண்டு தின்று குடித்து வெறித்துக் கிடக்கிறான், இல்லாதவன் பசியோடு நிற்கிறான். பவுல் என்ன சொல்கிறார்? பந்தியைச் சரியாக நடத்தவில்லை என்று சொல்லியிருந்தால் நிர்வாகப் பிரச்சினையாகப் போயிருக்கும். அவரோ நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய பந்தியே இல்லை என்கிறார். ஜெபம் சரியாக இருந்திருக்கலாம், அப்பம் இருந்திருக்கலாம், ரசமும் இருந்திருக்கலாம். பந்தி மட்டும் இல்லை. இதை நம்ம ஊருக்குக் கொண்டுவந்தால் கேள்வி கடுமையாகிறது. ஒரு சனத்தைப் பக்கவாட்டில் ஒதுக்கி, கடைசியில் நன்மை வாங்க வைத்து நடத்தின பூசைகள் பூசைதானா? இறையியல் படித்தவர்கள் பதில் சொல்லட்டும். எனக்கு பவுல் சொன்னதே போதும்.

தஞ்சாவூரில் கீர்த்தனைகளாகப் பாடிக் குவித்த வேதநாயக சாஸ்திரியார், சாதிக்குச் சாதி தனியாக உட்காருவதற்கு ஆதரவாக எழுதியவர். புது மிஷனரிகள் எல்லாரையும் ஒன்றாக உட்காரச் சொன்னது அவருக்கும் தஞ்சாவூர் வேளாளக் கிறிஸ்தவர்களுக்கும் பொறுக்கவில்லை. சபைக்குள் சாதி வித்தியாசம் கூடாது என்று 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சுற்றறிக்கை விட்டதும் வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் எத்தனையோ பேர் சபையை விட்டே கிளம்பினார்கள். மதம் மாறினபோது விடாததை ஒரு கிண்ணத்துக்காகவா விடுவார்கள்! சாஸ்திரியார் பாட்டை இன்றைக்கும் நம்ம சனம் உருகி உருகிப் பாடுகிறது. பாடட்டும், பாட்டு நல்ல பாட்டு. அவர் எந்தப் பக்கம் உட்கார்ந்து பாடினார் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

வடக்கன்குளம் கோயில் எல்லோருக்கும் தெரிந்த கதை. வேளாளரும் நாடாரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பூசை காண, 1872இல் கால்சட்டை மாதிரி இரண்டு காலாகப் பிரித்துக் கட்டின கோயில். நடுவில் பீடம். ஒரே அப்பம் இரண்டு பக்கமும் போனது. 1910இல் கௌசானல் சாமியார் சுவரை இடித்தார். சுவர் எங்கள் உரிமை என்று வேளாளர் கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். ஐக்கியத்தைப் பற்றி சபைக்குப் பாடம் சொல்ல வெள்ளைக்காரன் கோர்ட்டு தேவைப்பட்டது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துச் சுவரோ செத்தவர்களுக்கு நடுவில் நின்றது. உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறவர்கள்தான் இதையும் கட்டினார்கள்.

எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் வேறு வழியில்லாமல் எங்களுக்குத் தனிப்பங்கு கொடுங்கள் என்று கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று தலித் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர் இரண்டு பேர் செத்தார்கள். அந்தச் சாவுகளும் சாவுகள்தான், நாம் சந்தோசப்பட அதில் ஒன்றுமில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். உள்ளே ஒன்றாக இருக்க விடவும் மாட்டோம், பிரிந்துபோக விடவும் மாட்டோம் என்றால் அதற்கு ஐக்கியம் என்றா பெயர்? பண்ணையில் ஆள் வைத்திருப்பதற்குச் சொல்கிற பெயர் வேறு.

சமாதானம் பேச வருகிறவர்கள் நம்மிடம்தான் "மன்னிச்சு விட்டுடுங்க" என்பார்கள். மலைப்பிரசங்கம் அப்படிச் சொல்லவில்லை. காணிக்கையோடு பீடத்துக்கு வந்தவனுக்கு, சகோதரன் தன்மேல் குறைப்பட்டிருப்பது நினைவுக்கு வருகிறது. காணிக்கையை அங்கேயே போட்டுவிட்டு அவன் எழுந்து போக வேண்டும். போக வேண்டியவன் குறை வைத்தவன், குறைப்பட்டவன் அல்ல. அதுவரைக்கும் கடவுள் காத்திருக்கிறார், பூசை பாதியில் நிற்கிறது. ஊர்த்தெருவிலிருந்து சேரிக்கு நடக்க வேண்டிய நடை இது. எத்தனை பங்குகளில் அப்படிப் பூசை பாதியில் நின்றிருக்கிறது?

அந்தியோகியாவிலும் பந்தியில்தான் சண்டை. யூதரல்லாதவர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேம் ஆட்கள் வந்ததும் மெல்ல நழுவினார். பவுல் எல்லாருக்கும் முன்னால் வைத்தே அவரைக் கேட்டார். சபை உடையுமே என்று தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொல்லவில்லை. கேட்கிறவனால் ஐக்கியம் குலையவில்லை, இலையை விட்டு எழுந்தவனால் குலைந்தது.

நம்முடைய நிலைமையில் இன்னொரு கூத்தும் உண்டு. 1950 ஜனாதிபதி ஆணை, பிறகு சீக்கியருக்கும் (1956) பௌத்தருக்கும் (1990) திருத்தப்பட்டது. கிறிஸ்தவ தலித்துக்கு இல்லை. சென்னையில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்பவர் போட்ட வழக்கில், மதம் மாறின பிறகும் அதே கொடுமை தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்று 1985இல் உச்சநீதிமன்றம் சொன்னது. ஆதாரமா? கல்லறைச் சுவரைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம். ஆயர் பேரவையே 2016இல் தலித் கொள்கை அறிக்கை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒத்துக்கொண்டது. 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். நல்லது. பங்குக் கோயில் பெஞ்சில் என்ன மாறியது என்பதுதான் நம் கவலை.

"சேந்து சாப்பிட்டா சாதி போயிடுமா?" என்று தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சமபந்தி போதாது, கலப்புமணம்தான் மருந்து என்று அம்பேத்கர் 1936லேயே எழுதிவிட்டார். ஒரே கிண்ணத்தில் குடிக்கிற சபைகளிலும் பெண் எடுப்பது கொடுப்பது சாதிக்குள்தான். கடவுளோடு ஐக்கியம் என்பவர்களுக்கு சம்பந்தி ஐக்கியம் என்றால் நெஞ்சு அடைக்கிறது.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில், பரட்டை என்று எல்லாரும் கூப்பிட்ட தியாபிலஸ் அப்பாவு (2005இல் இறந்தார்) ஒரு ஒலை என்று பேசுவார். பறையும் நாட்டுப்புற மெட்டும் வைத்து வழிபாடு அமைத்தவர் அவர். ஒரே ஒலையில் பொங்கி எல்லோரும் அதிலிருந்தே தின்பது, அதுதான் நற்கருணை. இதில் எனக்குப் பிடித்தது, அப்பம் எங்கிருந்தோ ஆயத்தமாக வரவில்லை என்பது. அரிசி யார் வீட்டிலிருந்து வந்தது, தண்ணீர் எந்தக் கிணற்றுத் தண்ணீர், அடுப்பு யார் வாசலில், எல்லாம் உடனே தெரிந்துவிடும். சேரி வாசலில் அடுப்பு வைத்தால் ஊர்த்தெரு வருமா என்பது மட்டும் கேள்வி இல்லை. நம்ம தெருக்காரன் சக்கிலியத் தெரு ஒலைக்கு இலை போடுவானா? கரண்டி பிடிக்கிறது எப்பவும் பொம்பளைங்களா, முதல் பந்தியில் உட்காருவது எப்பவும் ஆம்பளைங்களா? பாத்திரம் கழுவுகிறவர் யார்?