பட்டவனுக்குத் தெரியுமா வலி?

1840ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில், சக்கரம் பூட்டிய மரக்குடிசைகளை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போனார்கள். கூடிய கூட்டத்துக்குப் புளித்த ஆப்பிள் மது ஊற்றிக் கொடுத்தார்கள். வேட்பாளர் வில்லியம் ஹென்றி ஹாரிசன் குடிசையில் வாழ்கிற எளிய மனிதர் என்பதுதான் பிரசாரம். உண்மையில் அவர் வர்ஜீனியாவில் பெர்க்லி என்னும் பெரும் தோட்டத்து மாளிகையில் பிறந்தவர். அவருடைய தந்தை அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட செல்வந்தர். எதிரே நின்ற மார்ட்டின் வான் பியூரன்தான் சத்திரக்காரர் மகன். அவரையோ தங்கக் கரண்டியில் உண்ணும் சுகவாசி என்று ஏசினார்கள். ஹாரிசன் வென்றார்.

அந்தப் பொய் ஏன் எடுபட்டது? பட்டவனுக்குத்தான் வலி தெரியும் என்று எல்லா ஊர் ஏழைகளும் நம்புகிறார்கள். கஷ்டத்தில் வளர்ந்தவன் நாற்காலியில் உட்கார்ந்தால் நம்மை மறக்கமாட்டான் என்று மனம் ஆசைப்படுகிறது. அந்த ஆசையைப் பழிக்க முடியாது. ஆனால் உரசிப் பார்க்காமல் ஏற்கவும் கூடாது.

உரசிப் பார்க்க ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சனைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. அவர் பிறக்கும் முன்பே தந்தை இறந்தார். 14 வயதுக்குள் தாயும் இரு அண்ணன்மாரும் போய்விட்டார்கள். அவருக்கு முன்பிருந்த ஆறு ஜனாதிபதிகளில் ஒருவரும் இப்படி நாதியற்று வளர்ந்தவர் இல்லை. 1813இல் கிரீக் என்னும் பூர்வகுடி மக்களோடு நடந்த போரில் அவருடைய படை ஒரு கிராமத்தை அழித்தது. செத்துக்கிடந்த தாயின் கையில் ஒரு குழந்தை உயிரோடு இருந்தது. ஜாக்சன் அதைத் தன் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். இவனும் என்னைப் போலத்தான் என்கிற பொருளில் மனைவிக்குக் கடிதம் எழுதினார். லின்கோயா என்ற பெயரோடு அங்கேயே வளர்ந்த அந்தப் பிள்ளை, 1828இல் காசநோயில் இறந்தான். அந்த இரக்கத்தை நடிப்பு என்று சொல்ல மனம் வரவில்லை.

ஆனால் இரண்டே ஆண்டுகளில், பூர்வகுடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே துரத்த வழிசெய்த சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவர்தான். அதற்கும் முன்னால், 1804இல், தப்பியோடிய அடிமை ஒருவனைப் பிடித்துத் தந்தால் 50 டாலர் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்திருந்தார். பிடிக்கிறவர் அவனுக்கு 100 கசையடி கொடுத்தால் கூடுதலாக 10 டாலர். 300 அடிவரை கணக்கு உண்டு. ஒரு மனித உடம்பில் 300 அடி! 1845இல் இறக்கும்போது சுமார் 150 பேர் அவருடைய உடைமையாக இருந்தார்கள். அநாதைக் குழந்தையிடம் தன்னைக் கண்ட அவர், ஓடிப்போனவனிடம் தன்னைக் காணவில்லை.

ஆகவே ஆள்பவர் எந்தக் கூரையின்கீழ் பிறந்தார் என்பதைவிட, அவருடைய சோறு யார் உழைப்பில் விளைந்தது என்று கேட்பதே நியாயம். ஜான் ஆடம்ஸின் தந்தை செருப்பும் தைத்த விவசாயி. மகன் ஜனாதிபதியானார், கடைசிவரை ஓர் அடிமையையும் வைத்துக்கொள்ளவில்லை. மாசசூசெட்ஸில் அதற்குத் தேவை எழவில்லை என்று சிலர் சொல்லலாம். ஆனால் அவருடைய இளமையில் அங்கேயும் அடிமைகள் விற்கப்பட்டார்கள். வாங்க முடிந்தும் அவர் வாங்கவில்லை.

ஜார்ஜ் வாஷிங்டன் விஷயம் அவ்வளவு எளிதல்ல. நிலம் மலைபோலக் கிடந்தும் கையில் காசு இல்லாமல், 1789இல் பதவியேற்க நியூயார்க் கிளம்பும் முன் கடன் வாங்கினார். 1799 கணக்குப்படி அவருடைய மவுண்ட் வெர்னன் பண்ணையில் 317 அடிமைகள். அவர்களில் அவருக்கே உரிய 123 பேரை, மனைவியின் காலத்துக்குப் பின் விடுவிக்க உயில் எழுதினார். சமத்துவத்தைச் சுதந்திரப் பிரகடனத்தில் எழுதிய ஜனாதிபதி ஜெபர்சன் தன் உயிலில் விடுவித்தது ஐந்தே பேரை. அவருடைய கடனுக்காக 1827 ஜனவரியில் அவருடைய மாண்டிசெல்லோ பண்ணையில் 130 பேர் ஏலத்துக்கு வந்தார்கள். அதோடு ஒப்பிட்டால் வாஷிங்டன் செய்தது பெரிய காரியம்தான்.

ஆனால் அதைக்கொண்டு முந்தைய கணக்கை அடித்துவிட முடியாது. ஜனாதிபதியாக அவர் பிலடெல்பியாவில் இருந்தபோது, பென்சில்வேனியச் சட்டப்படி அங்கே தொடர்ந்து ஆறு மாதம் தங்கிய அடிமை விடுதலை கோரலாம். அதனால் தம் வீட்டு அடிமைகளைக் கெடு முடியும் முன் எல்லைக்கு வெளியே அனுப்பி, மறுபடி அழைத்துக்கொண்டார். அவர்களுக்கும் ஊருக்கும் காரணம் தெரியக்கூடாது என்று செயலாளருக்குக் கடிதம் எழுதினார். காரணத்தை மறைக்கச் சொன்னவருக்கு அது தவறென்று தெரியாமல் இருந்திருக்காது.

அப்படி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் ஓனா ஜட்ஜ், வாஷிங்டன் மனைவியின் பணிப்பெண். எஜமானியின் பேத்திக்குத் தன்னைக் கொடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டார். 1796 மே மாதத்தில், வீட்டார் உணவு மேசையில் இருந்த நேரம் பார்த்து வெளியேறினார். கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயர் போய்ச் சேர்ந்தார். வாஷிங்டன் ஆள் விட்டுத் தேடினார். இருக்குமிடம் தெரிந்தும் ஓனா திரும்பவில்லை. வாஷிங்டன் மனைவியுடைய முந்தைய கணவரின் குடும்பச் சொத்தாகக் கருதப்பட்டதால் உயிலின் விடுதலையும் அவரை எட்டவில்லை. கணவரையும் பிள்ளைகளையும் பறிகொடுத்து, வறுமையிலேயே 1848இல் இறந்தார். சட்டத்தின் கண்ணில் அன்றும் அவர் ஓடிப்போன அடிமைதான். ஓடிவந்த பிறகுதானே அதிகம் பாடுபட்டீர்கள், வருத்தமில்லையா என்று முதுமையில் ஒருவர் கேட்டார். இல்லை என்றார் ஓனா.