சும்மாவும் சோம்பலும்

கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் 'ஆர்கோஸ்' என்றொரு சொல் வருகிறது. 'எர்கோன்' என்றால் வேலை; இன்மையைக் குறிக்கும் 'அ' அதன்முன் சேர்ந்திருக்கிறது. வேலையற்றவர் என்பதே நேர்ப்பொருள்.

மத்தேயு 20இல், பொழுது சாயும்வரை கடைத்தெருவில் நிற்கும் கூலியாட்களை இச்சொல் குறிக்கிறது. ஏன் நிற்கிறீர்கள் என்று தோட்டக்காரர் கேட்கிறார். எங்களை யாரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்கிறார்கள். ஒருமணிநேர உழைப்புக்கு முழுநாள் கூலி பெறுகிறார்கள்.

1 தீமோத்தேயு 5இல், வீடுவீடாகச் செல்லும் இளம் விதவைகளுக்கும் இதே சொல். அவர்களிடம் யாரும் காரணம் கேட்கவில்லை. 60 வயதுக்குக் குறைந்தவர்களை விதவைகள் பட்டியலில் சேர்க்க வேண்டாம். மணமுடித்துப் பிள்ளை பெறட்டும் என்று தீர்ப்பாகிறது. அந்த வீடுகளுக்குள் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை அவர்கள் வாயால் நாம் கேட்க வழியில்லை.

நம் பழைய தமிழ் வேதாகமம் அந்த ஆண்களைச் 'சும்மா' நிற்பவர்கள் என்றது. இந்தப் பெண்களைச் 'சோம்பலுள்ளவர்கள்' என்றது. சும்மா என்பது நிலைமை. சோம்பல் என்பது குணம். நிலைமைக்கு இரக்கம் கிடைக்கும், குணத்துக்குக் கண்டிப்புதான்.

விடியலிலிருந்து உழைக்கும் பெண்கள் இன்றும் "வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்" என்கிறோம். ஒருத்தியைச் சோம்பேறி என்னும்முன், எது வேலை என்று வகுத்தவர் யார் என்று கேட்பதே நியாயம்.