ஸ்வாத்யாயமும் பத்து வரிக் குறிப்பும்



உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் அகத்தவங்கள் ஆறனுள் ஒன்றாக ஸ்வாத்யாயத்தை வைத்துள்ளார். அதன் உறுப்புகள் ஐந்து: வாசனா என்னும் படித்தல், ப்ருச்சனா என்னும் ஐயம் வினவுதல், அனுப்ரேக்ஷா என்னும் சிந்தித்தல், ஆம்னாயம் என்னும் பிழையற மீள ஓதுதல், தர்மோபதேசம் என்னும் பிறர்க்கு உரைத்தல். நாமோ பெரும்பாலும் படித்தலோடு நின்றுவிடுகின்றோம். திங்கள் ஒன்று கழிந்தபின் அந்நூல் யாது கூறிற்று என எவரேனும் வினவினால், தலைப்பன்றி வேறொன்றும் நினைவில் நிற்பதில்லை.

மறதியின் கொடுமையை நம் ஆசாரியர்கள் நன்கு அறிந்திருந்தனர். கிர்நார் மலைக் குகையில் தவமியற்றிய தரசேனாசாரியர், தம்மோடு சுருதஞானம் மறைந்துவிடுமோ என்று கவன்று, முனிவர் இருவரை வருவித்துக் கற்பித்தார். அவர்களுள் புஷ்பதந்தர் 177 சூத்திரங்களால் தொடங்க, எஞ்சியவற்றைப் பூதபலி முடித்தார். இவ்வாறு எழுந்ததே ஷட்கண்டாகமம். அது நிறைவுற்ற நாளையே சுருத பஞ்சமியாகக் கொண்டாடுகின்றோம்.

அப்பெருஞ்செயலின் சிறு நிழலையேனும் இல்லறத்தாராகிய நாம் பின்பற்றலாகாதா? வரலாறு, மருத்துவம், தத்துவம் என எந்நூலாயினும், படித்து முடித்தவுடன் அதனை மூடிவைத்து, குறிப்பேட்டில் பத்து வரிகளில் ஒரு மதிப்புரை எழுதுவோம். ஆசிரியர் நிறுவ முற்பட்டது யாது? காட்டிய சான்றுகள் யாவை? நமக்கு எஞ்சிய ஐயம் யாது? வாழ்வில் கொள்ளத்தக்கது எது? ஆசிரியர் எந்த நயத்தினின்று பேசுகின்றார் என்பதை முதற்கண் எழுதி, அதன் பின்னரே குறை காண்போம். அனேகாந்தம் கற்பிக்கும் நடுநிலை அதுவேயன்றோ?

நூலை மூடிவைத்து எழுதுதல் இன்றியமையாதது. ரோடிகர், கார்பிக்கி என்னும் அமெரிக்க உளவியலறிஞர் இருவர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, பாடத்தை மீண்டும் படித்தோரே முந்தினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, ஏட்டைப் பாராது நினைவிலிருந்து எழுதிப் பழகியோரே முந்தினர். மீண்டும் படித்தல் கற்றுவிட்டோம் என்னும் எண்ணத்தைத் தரும். நினைந்து எழுதுதலோ கற்றதை நிலைநிறுத்தும்.

அட்டமி, சதுர்த்தசி நாட்களில் இல்லத்தார் கூடியமர்ந்து, ஒருவர் தம் குறிப்பை வாசிக்க, மற்றையோர் வினவட்டும். சிறுவர் இரண்டு வரி எழுதினும் போதும். இவ்வாறு ஸ்வாத்யாயத்தின் ஐந்து உறுப்புகளும் ஓரில்லத்திலேயே நிறைவெய்தும்.

முதியோர் பலர் அரிதின் கற்ற அறிவு, எழுதி வைக்கப்படாமையால் அவர்களோடே மறைகின்றது. அலமாரியிலுள்ள நூல்கள் எஞ்சுகின்றன. அவற்றை அவர் எவ்வாறு உணர்ந்தார் என்பதைப் பெயரர் அறிய வழியில்லை. அவர் கையெழுத்தில் ஒரு குறிப்பேடு இருப்பின், அதுவே பெயரர்க்கு அவர் வழங்கும் ஞானதானம் ஆகும்.

சுருத பஞ்சமியன்று நூல்களைப் பீடத்தேற்றி வழிபடும் நாம், அவற்றுள் ஒன்றையேனும் இவ்வாண்டில் இம்முறையில் கற்போமாக.

நல்லறம் ஓங்குக!