பிரம்பும் அமானத்தும்

ஒரு காரியத்தை அரசாங்கச் சட்டம் தடுக்கவில்லை என்பதற்காக அது ஆகுமான காரியமாகிவிடுமா? ஆகாது என்று நாம் எல்லோரும் தயக்கமின்றிச் சொல்வோம். வட்டிக் கடை வைக்க லைசென்ஸ் கிடைக்கிறது. மதுக்கடையை அரசாங்கமே நடத்துகிறது. அதனால் வட்டியும் மதுவும் ஹலாலாகிவிட்டன என்று எந்த முஸ்லிமும் வாதாடுவதில்லை. ஆனால் இதே கேள்வி நமது ஓதல் பள்ளியின் வாசற்படி ஏறும்போது மட்டும் நம் பதில் தடுமாறுகிறது. ஓத வரும் பிள்ளைகளை அடிப்பது பற்றியே இங்கு சொல்ல வருகிறேன்.

சட்டம் சொல்வது என்ன?

6 வயது முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் கல்வி அடிப்படை உரிமை என்று 2002ஆம் ஆண்டின் 86ஆவது அரசியல் சாசனத் திருத்தம் கூறியது. அதை நிறைவேற்றுவதற்காக 2009இல் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆவது பிரிவு, பள்ளிப் பிள்ளையை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் ஒருசேரத் தடை செய்கிறது. மீறும் ஆசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை உண்டு. நமது தமிழ்நாட்டிலோ அதற்கு முன்பே, 2003இல், கல்வி விதிகளின் 51ஆவது விதி திருத்தப்பட்டுப் பள்ளிக்கூடங்களில் பிரம்புக்கு இடமில்லை என்றாகிவிட்டது.

பின்னர் 2012இல் மத்தியச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. மதரஸாக்கள், வேத பாடசாலைகள், முதன்மையாக மார்க்கக் கல்வி போதிக்கும் நிலையங்கள் ஆகியவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று அத்திருத்தம் தெளிவுபடுத்தியது. இந்த விதிவிலக்கில் நியாயம் உண்டு. கட்டடம், பாடத்திட்டம், ஆசிரியர் தகுதி பற்றிப் பள்ளிக்கூடங்களுக்கென்று வகுத்த விதிகளை, பள்ளிவாசல் திண்ணையில் அலிஃப், பே ஓதிக்கொடுக்கும் மக்தபின் மீது சுமத்தினால் அது தாங்குமா? நம் பிள்ளைகளுக்கு நம் தீனை நாமே போதிக்கும் சுதந்திரம் காக்கப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ்!

ஆனால் சட்டம் முழுவதும் விலகியபோது அதன் 17ஆவது பிரிவும் சேர்ந்தே விலகிற்று. விளைவைச் சற்று எண்ணிப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு ஓதல் பள்ளியில் அமர்ந்திருக்கும் அதே பிள்ளைதான் ஒன்பதரை மணிக்கு அரசுப் பள்ளியில் அமர்ந்திருக்கிறது. அதே முதுகு, அதே உள்ளங்கை. கணக்கு வாத்தியார் அந்தக் கையில் அடிக்கக் கூடாது. குர்ஆன் ஓதிக்கொடுப்பவர் மட்டும் அடிக்கலாம் என்று ஆகுமானால், அந்தப் பிஞ்சு உள்ளம் தீனைப் பற்றி என்ன முடிவுக்கு வரும்?

விதிவிலக்கு முழுமையானது என்று எண்ணுவதும் தவறு. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவு, தன் பொறுப்பிலுள்ள பிள்ளைக்குத் தேவையற்ற துன்பம் விளையும்படி தாக்குபவருக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு என்கிறது. அதில் மதரஸாவுக்கு விலக்கு ஏதும் சொல்லப்படவில்லை. எனினும் போலீஸுக்கு அஞ்சிப் பிரம்பைக் கீழே போடுங்கள் என்று சொல்வது என் நோக்கமல்ல. சட்டம் நம்மைக் கேட்காத இடத்தில் அல்லாஹ் நம்மைக் கேட்கமாட்டானா என்பதே என் கேள்வி.

பத்து வயது ஹதீஸ்

"பத்து வயதில் தொழாவிட்டால் அடிக்கும்படி நாயகம் (ஸல்) அவர்களே சொல்லியிருக்கிறார்களே!" என்று உடனே கேட்பார்கள். ஆம். அபூதாவூதில் பதிவான ஹதீஸ் அது. அதை மறைக்கவோ மழுப்பவோ நமக்கு உரிமையில்லை. ஆனால் அதை முழுமையாகப் படிக்க வேண்டாமா?

ஏழு வயதில் தொழும்படி ஏவச் சொல்லிவிட்டுப் பத்து வயதில்தான் அடியைப் பற்றிய பேச்சே வருகிறது. இடையே மூன்று வருடங்கள். நாளொன்றுக்கு ஐந்து வேளை என்று கணக்கிட்டால் ஐயாயிரம் தடவைக்கு மேல் அன்போடு அழைத்தாக வேண்டும். அப்படி அழைத்தவர் நம்மில் எத்தனை பேர்? மேலும் அந்த ஏவல் பிள்ளைகளின் பொறுப்பாளர்களை நோக்கியது. தொழுகை என்னும் பெருங்கடமை பற்றியது. அத்தகைய கடமைக்கே மூன்று வருட அவகாசம் என்றால், ஆறு வயதுப் பிள்ளை 'ஐன்' எழுத்தைத் தொண்டையிலிருந்து உச்சரிக்கவில்லை என்பதற்கும், நேற்றைய சபக்கு மனத்தில் நிற்கவில்லை என்பதற்கும் அந்த ஹதீஸை ஆதாரமாகக் காட்ட முடியுமா?

அண்ணலாரின் கை

அதைச் சொன்ன திருவாய்க்குரியவர்களின் கை எப்படி இருந்தது? பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், தம்மை ஒருமுறைகூட நாயகம் (ஸல்) அவர்கள் 'ச்சீ' என்று சொன்னதில்லை என அறிவித்துள்ளார்கள். அறப்போர்க் களத்தைத் தவிர வேறெங்கும் அந்தக் கை எவரையும் அடித்ததில்லை. பெண்ணையோ பணியாளரையோகூட அடித்ததில்லை என்பது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சாட்சியம்.

முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி ஓதிக்கொடுக்கும் ஒவ்வொருவரும் நெஞ்சில் நிறுத்த வேண்டியது. தொழுகையின் நடுவே தும்மிய ஒருவருக்கு அவர்கள் வாய்விட்டு துஆச் செய்துவிட்டார்கள். சுற்றியிருந்தோர் முறைத்தார்கள், தொடையில் தட்டி அடக்கினார்கள். தொழுகை முடிந்ததும் நாயகம் (ஸல்) அவர்கள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, அடிக்கவில்லை, ஏசவில்லை. தொழுகையில் மனிதப் பேச்சு கூடாது என்று எடுத்துரைத்தார்கள், அவ்வளவுதான்! அதற்கு முன்னும் பின்னும் அவர்களைவிடச் சிறந்த ஆசிரியரைத் தாம் கண்டதில்லை என்று அந்தத் தோழர் பிற்காலத்தில் சொன்னதை முஸ்லிமில் காண்கிறோம். தவறு செய்தவர் அந்தப் பாடத்தை ஆயுள் முழுவதும் மறக்கவில்லை. அடிபட்டதனால் அல்ல, அடிபடாததனால்!

இமாம்கள் வகுத்த எல்லை

ஃபிக்ஹு நூல்களில் ஆசிரியர் லேசாக அடிக்க இடமுண்டு என்பது உண்மை. ஆனால் அந்த இடம் எவ்வளவு குறுகலானது! முகத்தில் கூடாது, காயமோ தழும்போ உண்டாகும் அடி கூடாது. ஹனஃபி நூல்களில் இமாம் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள், கையால்தான் அடிக்கலாம், கம்பால் ஆகாது. அதுவும் மூன்றைத் தாண்டலாகாது என்று எழுதுகிறார்கள். அடித்ததனால் பிள்ளைக்குச் சேதம் நேர்ந்தால் ஆசிரியர் ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பது நமது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்) அவர்களோ இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். கடுமையாக அடித்தாலன்றித் திருந்தாத பிள்ளையை லேசாகக்கூட அடிக்கக் கூடாது என்றார்கள். கடுமையான அடி தீங்கு; லேசான அடி பயனற்றது; ஆகவே இரண்டும் இல்லை!

ஆக, பாடத்துக்காக ஆசிரியர் அடிக்காமல் விட்டால் அவர் பாவியாவதில்லை. எல்லை மீறி அடித்தால் எல்லா இமாம்களிடத்திலும் அவர் குற்றவாளி. கோபம் தலைக்கேறிய நேரத்தில் மூன்றாவது அடியோடு நிற்கும் கை எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது? பேணுதல் எந்தப் பக்கம் என்பது இப்போது விளங்கவில்லையா?

"கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் ஹழ்ரத்" என்று பிள்ளையைக் கொண்டுவந்து விடும் தகப்பனாருக்கும் ஒரு வார்த்தை. உரிப்பதற்கு அந்தத் தோல் உங்களுடையது அல்லவே! பிள்ளை அல்லாஹ்வின் அமானத். உங்களுக்கே இல்லாத அதிகாரத்தை ஆலிம்சாவுக்கு எப்படிக் கொடுப்பீர்கள்?

பழி யாருக்கு?

இவ்வளவையும் ஓதிக்கொடுப்பவர் தலையிலேயே சுமத்திவிடுவது நீதியல்ல. ஒரே அறையில் அறுபது பிள்ளைகள். ஒரு மணி நேரம். இரண்டு மூன்று வகுப்புப் பாடங்கள். கையில் கிடைப்பதோ கூலியாளின் ஊதியத்துக்கும் குறைவு. பாத்திஹாவுக்கும் ஜனாஸாவுக்கும் அவரே ஓட வேண்டும். அந்த நிலையில் பிரம்பு என்பது கோபத்தின் கருவி மட்டுமல்ல. ஜமாஅத் நியமிக்கத் தவறிய இரண்டாவது ஆசிரியரும் அதுதான்! கண்டிப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. 'அடியாத மாடு படியாது' என்பார்கள், பிள்ளை மாடல்லவே! பிள்ளைகளை இரு நேரமாகப் பிரித்து அமர்த்துவது, மற்றோர் ஆசிரியரை நியமிப்பது, முரண்டு பிடிக்கும் பிள்ளையின் பெற்றோரை அழைத்துப் பேசுவது ஆகியவை நிர்வாகத்தின் கடமைகள். எங்கள் மக்தபில் அடி இல்லை என்று ஒரு தீர்மானம் போட முத்தவல்லிக்குச் சட்டசபையின் அனுமதி தேவையில்லை.

மாணவரிடம் கடுமை காட்டினால் அவர்கள் பொய்யும் வேஷமும் பழகி, மனம் சுருங்கிப் போவார்கள் என்று அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள் தமது முகத்திமாவில் எச்சரித்தார்கள். அடிக்கு அஞ்சி ஓதிய பிள்ளை, அடிப்பவர் இல்லாத வயது வந்ததும் குர்ஆனை மூடி வைத்துவிட்டால், அந்த இழப்பை எந்த நஷ்ட ஈட்டால் ஈடு செய்வது?

தம் பணியாளரை அடித்துக்கொண்டிருந்த அபூமஸ்ஊத் (ரலி) அவர்களுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. இவர் மீது உமக்குள்ள சக்தியைவிட உம்மீது அல்லாஹ்வுக்குள்ள சக்தி பெரிது என்று நினைவூட்டிய அண்ணலாரின் குரல் அது. அந்தப் பணியாளருக்காகப் பரிந்து பேச அன்று எந்த அரசின் சட்டமும் இருக்கவில்லை. அந்தக் குரலே போதுமானதாக இருந்தது. அபூமஸ்ஊத் (ரலி) அவர்கள் அந்த அடிமையை அக்கணமே விடுதலை செய்தார்கள்.

சட்டம் வாய் மூடியிருக்கும் இடத்திலும் அந்தக் குரலைக் கேட்கும் செவியை வல்ல நாயன் நம் உஸ்தாதுமார்களுக்கும், பெற்றோர்களுக்கும், ஜமாஅத்தார்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.