பேகன் தந்தது எவர் போர்வை?

மாசித் திங்களில் மணப்பாறையை அடுத்த வீரப்பூருக்குச் சென்றோர் வேடபரி விழாவை அறிவர். பொன்னர் குதிரையேறி வேட்டைக்குப் புறப்படுகிறார், பல்லாயிரவர் புடைசூழ்கின்றனர். அண்ணன்மார் கதையில் கொம்பன் என்னும் பன்றி வீழ்ந்தது கதையோடு நின்றுவிட்டது. விழாவில் எஞ்சியிருப்பது ஊர்வலம். ஊர்வலமாகிவிட்டதால் வீரம் குன்றிற்று என்று எவரும் அழுததாகக் கேள்வியில்லை.

ஆனால் திருச்சி, திண்டுக்கல், புதுக்கோட்டை, சிவகங்கைச் சீமைகளில் சில ஊர்களில் பாரி வேட்டை என்ற பெயரால் இன்றும் தடியும் வலையும் நாயுமாகக் கரடுகளைச் சுற்றி வளைக்கின்றனர். அகப்படுவது பெரும்பாலும் முயல். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இதைக் குற்றம் என்கிறது. வனத்துறையினர் வருகின்றனர், வலை பறிபோகிறது, அபராதம் விழுகிறது. "எங்கள் பாட்டன் காலத்து வழக்கம், தடுக்க நீ யார்?" என்று ஊர் சீறுகிறது.

பாட்டன் காலத்து வழக்கம்! தெருவுக்குள் செருப்பணிந்து ஒருவன் நடக்கலாகாது என்பதும், பெண்ணுக்கு ஏடு எதற்கு என்பதும் அந்தப் பாட்டன் காலத்து வழக்கங்கள்தாமே? அவற்றைத் தள்ளிய கையால் இதையும் தள்ளுவதில் தயக்கம் ஏன்? பட்டியில் ஆடும் கூண்டில் கோழியும் இருக்க, விழா நாளில் ஊரே திரண்டு ஒரு முயலை ஓட ஓட விரட்டுவது பசிக்காக அன்று, களிப்புக்காக. களிப்புக்காக உயிர் பறிக்கும் உரிமையை எந்தச் சாமியும் எவருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

மூடத்தனம் செய்யும் வேட்டை இன்னும் கொடிது. நரிக்கொம்பு வீட்டிலிருந்தால் செல்வம் கொழிக்குமாம்! நரிக்கு ஏது கொம்பு என்று கேட்க வேண்டியவன் பணத்தை எண்ணிக் கொடுக்கிறான். இரவில் பூச்சி தின்று மரத்தில் ஒடுங்கிக் கிடக்கும் தேவாங்கையும் மருந்தென்றும் மாந்திரீகமென்றும் சொல்லி வதைத்தனர். மணப்பாறைக்கு மேற்கே கடவூர் மலைகளையும் திண்டுக்கல் பக்கத்துக் காடுகளையும் சேர்த்து 11,806 எக்டேரில், 2022 அக்டோபரில், இந்தியாவின் முதல் தேவாங்குச் சரணாலயத்தைத் தமிழக அரசு அறிவித்தது. அதை நாம் மனமார வாழ்த்துகிறோம்.

சட்டம் சரியென்று கொண்டோம். அதன் சுமையை யார் தூக்குகிறார்கள்?

உதகைப் புல்வெளியில் வெள்ளைத் துரைமார் சீமை நாய்களை ஏவிக் குதிரை மேலேறி நரியை விரட்டியபோது அதற்குப் பெயர் விளையாட்டு. 1877இல் நீலகிரியில் வேட்டைக்காரர் சங்கம் கண்டனர். 1879இல் சட்டமே இயற்றினர். விலங்கு அழிந்துவிடக்கூடாது என்பதில் அவர்களுக்கு அக்கறைதான் — மறு ஆண்டும் சுட வேண்டுமல்லவா! 2021 ஆகஸ்டில் திருச்சியை அடுத்த ஜீயபுரத்தில், இறைச்சிக்குள் வெடி மறைத்து நரியைக் கொன்றதாகப் பன்னிருவர் கைதாயினர். அந்தக் கொலைமுறை அருவருக்கத் தக்கது. அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் துரையின் நரிக்குப் பதக்கம், ஏழையின் நரிக்கு விலங்கு என்று வரலாறு பேசுவதையும் காதில் வாங்கத்தான் வேண்டும்.

நம் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "ஐயா, நாங்கள் முயலைப் பிடித்தால் வழக்கு. எங்கள் கடலைக்காட்டைப் பன்றி உழுதுவிட்டுப் போனால் யார் மேல் வழக்கு?" மற்ற பிள்ளைகள் சிரித்தனர். நாம் சிரிக்கவில்லை. மானாவாரிக் கொல்லையில் வானம் பார்த்து விதைத்து, களை வெட்டி, காய் பிடிக்கும் வேளையில் ஓரிரவில் எல்லாம் இழப்பவன் வீட்டுப் பிள்ளை அவன். விராலிமலைப் பக்கத்து உழவனைக் கேளுங்கள். மயிலைப் பற்றி அவன் பாட்டெழுத மாட்டான். 1963இல் தேசியப் பறவையாக்கினார்கள். அதன் தீவனத்தை யார் தருவது என்று அன்று எவரும் பேசவில்லை.

பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்தான் என்று பாடம் சொல்கிறோம். பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான் என்கிறோம். அவை அவரவர் போர்வை, அவரவர் தேர். குடிமகன் ஒருவனின் ஒற்றைப் போர்வையை உருவி மயிலின் மேல் போட்டிருந்தால் பேகனைப் புலவர் பாடியிருப்பரா? நகரத்து மாடியில் மயிலின் படம் பார்த்து மகிழ்வோரும் சேர்ந்து தூக்க வேண்டிய சுமையை, இரண்டு குறுக்கம் கொல்லைக்காரன் தலையில் மட்டும் வைத்துவிட்டு அதற்கு அருள் என்று பெயரிடுவது நேர்மையன்று.

2025 சனவரியில் அரசு ஒரு வழி கண்டது. காப்புக்காட்டின் எல்லைக்கு 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரழிக்கும் காட்டுப்பன்றியை வனத்துறையினர் சுடலாம், உழவன் சுடலாகாது. துப்பாக்கியை ஊருக்கு ஊர் கொடுத்தால் பன்றியோடு மானும் முயலும் விழும் என்பதால் இதை ஏற்கிறோம். ஆனால் சுடும் பொறுப்பை வாங்கிக்கொண்ட துறை, பன்றி புகுந்த மறுநாளே கொல்லைக்கு வரட்டும்; அழிவை உழவன் கண்முன் அளக்கட்டும்; அடுத்த விதைப்புக்கு விதைக்கடலை வாங்கும் நாளுக்கு முன் இழப்பீடு அவன் கைக்குச் சேரட்டும். அதன்பின் பாரி வேட்டைக்கு வலை தூக்குவோரைத் தடுக்க வாருங்கள். உங்களுடன் நாமும் வருகிறோம்.